மின்மரம்: ஓர் உவமையின் வரலாறு

இருபதாம் நூற்றாண்டு பிறந்த வேளையில், இத்தாலி நாட்டுப் பொலோன்யாப் பல்கலைக்கழகத்தில், வேதியியல் கூடத்தின் மாடியில் கண்ணாடிக் குடுவைகளும் குழாய்களும் வரிசை வரிசையாக வெயிலில் கிடந்தன. வற்றலும் வடகமும் காயும் மாடிகளைக் கண்டு பழகியவர்களுக்கு அக்காட்சி வியப்பளித்திராது. ஆனால் ஐரோப்பிய வேதியியலார்க்கு அது புதுமை. கடுங்காரமும் கொதிநெருப்பும் கொண்டே பொருள்களை மாற்றப் பழகியவர்கள் அவர்கள். அம்மாடியை ஆண்ட பேராசிரியர் ஜாக்கமோ சாமிச்சான், தம் துணைவர் பால் சில்பருடன் சேர்ந்து, வெறும் வெயிலே என்னென்ன மாற்றங்களைச் செய்ய வல்லது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சிறு செடி, நெருப்பின்றி, ஓசையின்றி, காலை முதல் மாலை வரை செய்துவிடும் வேலையை மனிதன் ஏன் செய்ய இயலவில்லை என்பதே அவரை அரித்த வினா.

1912 செப்டம்பரில் நியூயார்க்கில் கூடிய பயன்முறை வேதியியல் மாநாட்டில் அவர் ஓர் உரை நிகழ்த்தினார். நிலக்கரி என்பது ஊழிக்காலத்து வெயில். அதைத் தோண்டி எரித்தே இக்கால நாகரிகம் வாழ்கிறது. அது ஒருநாள் தீரும் என்றார். அந்நாளில், பயிர் விளையாத வறண்ட நிலங்களில், புகைபோக்கி இல்லாத தொழிற்சாலைகள் எழும் என்றும், சமவெளிகளில் கண்ணாடிக் குழாய்கள் காடுகளாய் விரியும் என்றும், செடிகள் மட்டுமே காத்துவந்த கமுக்கம் மனிதன் கைக்கு வரும் என்றும் கற்பனை செய்தார். காடு என்னும் சொல்லை அவர் தெரிந்தே ஆண்டார். மனிதன் செய்யப்போகும் வெயில் எந்திரத்துக்கு மரத்தை உவமையாக்கிய முன்னோடி உரைகளுள் அது தலையாயது. இரண்டே ஆண்டுகளில் முதல் உலகப்போர் மூண்டது. 1922இல் சாமிச்சான் மறைந்தார். அதன்பின் உலகம் எண்ணெய்க் கிணறுகளின் பக்கம் திரும்பியது.

உவமை என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. தொல்காப்பியத்து உவமவியல், உவமம் தோன்றும் வகையை வினை, பயன், மெய், உரு என நான்காகப் பகுக்கிறது. மெய் என்றது வடிவினை; உரு என்றது நிறத்தினை என்று உரையாசிரியர்கள் விளக்குவர். வள்ளலின் கைக்கு மழையை ஒப்புச் சொல்வது பயன் பற்றி. பெண்ணின் இடைக்கு உடுக்கையை ஒப்புச் சொல்வது வடிவு பற்றி. மழையைப்போலக் கை நனைந்திருக்கிறதா என்று எவரும் தேடுவதில்லை. எது பற்றி வந்த உவமை என்று தெரிந்துகொள்வதே படிப்பவன் கடன். எஃகிலும் கண்ணாடியிலும் மரம் சமைக்க முனைந்தோர்க்கும் இக்கடன் இருந்தது. அதை அவர்கள் எங்கே நிறைவேற்றினர், எங்கே தவறினர் என்பதே மின்மரத்தின் வரலாறு.

வெயிலிலிருந்து நேரே மின்சாரம் எடுக்கும் கலை, மரத்தைப் பார்த்துப் பிறந்ததன்று. 1839இல் பிரெஞ்சு நாட்டு இளைஞர் எட்மண்ட் பெக்கரல், கரைசலில் தோய்ந்த தகடுகளில் ஒளி பட்டால் மின்னோட்டம் எழுவதைக் கண்டார். 1954இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தார் மூவர், படும் வெயிலில் ஏறத்தாழ நூற்றுக்கு 6 பங்கை மின்சாரமாக்கும் சிலிக்கான் கலத்தைச் செய்து காட்டினர். இன்றைய தகடுகள் நூற்றுக்கு 20 பங்குக்கும் மேல் தருகின்றன. வயலில் நிற்கும் பயிரோ, தன்மேல் விழும் ஆண்டு வெயிலில் நூற்றுக்கு ஒரு பங்கைச் சேமித்தாலே மிகுதி. ஆகவே ஆற்றல் கணக்கில் இலை எப்போதோ தோற்றுவிட்டது. ஆனால் இலை தன்னைத் தானே செய்துகொள்கிறது, கிழிந்தால் மரம் மற்றொன்று தளிர்க்கிறது, உதிர்ந்தால் எருவாகிறது. இவற்றுள் ஒன்றையும் சிலிக்கான் செய்வதில்லை. எனவே தகட்டை இலை எனல் அரைகுறை ஒப்புமை. அந்த அரைகுறையிலேதான் கலைஞர்கள் மனம் பற்றினர்.

2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், ஒரு தொழிலகத்தின் வண்டி நிறுத்துமிடத்தில் 25 மின்மரங்கள் நடப்பட்டன. ஒரு கால், அதன்மேல் சாய்ந்த பெரும்பலகை. மொத்தம் 235 கிலோவாட். பார்ப்பதற்கு அழகென்று சொல்வதற்கில்லை. கவிஞன் கண்ணுக்கு அவை மரமாகத் தோன்றியிரா. ஆனால் வண்டிகள் அவற்றின் நிழலில் நின்றன. இந்த நிழலை நினைவில் வைத்துக்கொள்வது நன்று. வரலாறு சுற்றி வந்து இறுதியில் இங்கேதான் சேர்கிறது.

அழகு வந்தது 2007 அக்டோபரில், வியன்னாவில். வேல்ஸ் நாட்டு வடிவமைப்பாளர் ராஸ் லவ்குரோவ், அந்நகரின் புகழ்பெற்ற வட்டச் சாலையில், பயன்கலை அருங்காட்சியகத்தின் எதிரே, தெருவிளக்குகளுக்குப் பதிலாக வளைந்த தண்டுகளை நிறுத்தினார். தண்டுகளின் நுனிகளில் பகலெல்லாம் வெயில் குடிக்கும் கலங்கள். இரவில் அவையே விளக்குகள். நான்கு வாரம் சோதனை நடந்தது. அடுத்தடுத்து நான்கு நாள் வெயில் முகம் காட்டாதபோதும் விளக்குகள் எரிந்தன என்பது அன்று பெரிதும் பேசப்பட்டது. கார்காலத்து மங்கலை வைத்துக்கொண்டே தெருவுக்கு ஒளி தரலாம் என்று காட்டியது அச்சோதனையின் சிறப்பு. எனினும் அது மெய்யுவமம். வளைவு மரத்தினது, வேலை விளக்கினது. வளைவை நீக்கி நேர்க்கம்பம் நட்டிருந்தாலும் அவ்வொளி குறைந்திராது. தெரு அழகுபட்டது என்பதைக் குறைத்துச் சொல்ல வேண்டுவதில்லை. தெருவிளக்குக் கம்பம் ஒன்றை மக்கள் நின்று பார்த்தது அதுவே பலர்க்கு முதன்முறை.

வடிவினால் மின்சாரமே கூடும் என்ற நம்பிக்கை 2011இல் எழுந்தது. அமெரிக்கச் சிறுவன் ஒருவன், வயது 13, குளிர்காலக் காட்டில் நடக்கையில் இலையுதிர்ந்த கிளைகள் தண்டைச் சுற்றித் திருகி எழும் ஒழுங்கைக் கவனித்தான். 1, 1, 2, 3, 5, 8 என, முன்னிரண்டின் கூட்டாக வளரும் எண்தொடர் அக்கிளை ஒழுங்கில் இருப்பதைக் கண்டான். அவ்வொழுங்கிலேயே சிறு தகடுகளைக் கம்பத்தில் பொருத்தி, தட்டையாய்ச் சாய்த்து வைத்த தகடுகளோடு ஒப்பிட்டு, மரவடிவமே மேல் என்று முடிவு கண்டான். நியூயார்க் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் இளைஞர்க்கான பரிசளித்தது, செய்தித்தாள்கள் கொண்டாடின. பின்னர் இயற்பியலார் கணக்கைப் பார்த்தனர். சிறுவன் அளந்தது மின்னழுத்தத்தை மட்டுமே; மின்திறனை அன்று. மங்கிய ஒளியிலும் தகட்டின் அழுத்தம் பெரிதாய்க் குறைவதில்லை, குறைவது ஓட்டம். மேல்நிலைத் தொட்டியின் உயரத்தை மட்டும் அளந்து, குழாயில் வரும் தண்ணீரை அளந்ததாகக் கொண்டது போன்ற பிழை. பல திசைகளில் திரும்பிய தகடுகளுள் ஏதோ ஒன்றே எந்நேரமும் ஞாயிற்றை நேரே நோக்கும். ஏனையவை சாய்ந்த வெயிலையே பெறும். மரம் அவ்வாறு கிளைப்பது, ஓர் இலை மற்றோர் இலைக்கு நிழலாகாமலும், காற்றுக்கும் எடைக்கும் ஈடுகொடுத்தும் பல்லாண்டு வாழ்வதற்காக. சிறுவனின் பிழை சிறுவனுக்கு இழுக்கன்று. அவன் கண் கூரிய கண். சரிபார்க்காமல் பாடிய பெரியவர்களே நாணத்தக்கவர்கள்.

அடுத்த ஆண்டு, 2012 ஜூன் 29இல், சிங்கப்பூரின் வளைகுடாப் பூந்தோட்டம் திறக்கப்பட்டது. கடலைத் தூர்த்து மீட்ட நிலத்தில் 18 பெருமரங்கள், 25 முதல் 50 மீட்டர் உயரத்தில், எஃகுச் சட்டமும் கற்காரைத் தண்டுமாய் எழுந்தன. 11 மரங்களின் தலையில் வெயில் தகடுகள் உண்டு. இங்கே வியக்கத்தக்கது தகடுகள் அல்ல. சில மரங்களின் தண்டு உள்ளீடற்றது; அருகிலுள்ள குளிரூட்டிய கண்ணாடி மாளிகைகளின் வெப்பக்காற்று அவ்வழியே மேலேறிப் போகிறது. தோட்டக் கழிவை எரிக்கும் உலைக்கும் அவற்றுள் ஒன்று புகைபோக்கி. தண்டைச் சுற்றிலுமோ மெய்யான உயிர்ச்செடிகள்: பெரணிகள், ஆர்க்கிடுகள், கொடிகள். பொய்ம்மரம் மெய்ச்செடியைத் தாங்குகிறது. தண்டு என்பது நீரையும் காற்றையும் மேலும் கீழும் கடத்தும் குழாய் என்னும் உண்மையை, இலையை மறந்து தண்டைப் பார்த்த இப்பொறியாளர்கள் கண்டுகொண்டனர். வினையுவமம் என்று இதைச் சொல்லலாம்.

காற்றின் கதை வேறு. 1887இல் ஸ்காட்லாந்தில் ஜேம்ஸ் பிளைத் என்பார் காற்றாடியால் மின்சாரம் எடுத்துத் தம் வீட்டுக்கு விளக்கேற்றினார். மறு ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் சார்ல்ஸ் பிரஷ் 144 இறக்கை கொண்ட பேராடியை நாட்டினார். இவர்களில் எவரும் மரத்தை நினைக்கவில்லை. நினைத்தவர் பாரிசைச் சேர்ந்த ஜெரோம் மிஷோ-லாரிவியேர். நகரச் சதுக்கம் ஒன்றில், காற்றே இல்லாதது போன்ற வேளையில், மரத்து இலைகள் நடுங்குவதை அவர் கண்டார். இந்த நடுக்கத்தை மின்சாரமாக்கினால் என்ன என்பது அவருடைய எண்ணம். 2015 வசந்தத்தில் பாரிசின் கான்கார்டு சதுக்கத்தில் அவருடைய காற்றுமரம் நின்றது. வெள்ளை எஃகுக் கிளைகளில் 72 பச்சை இலைகள்; ஒவ்வோர் இலையும் செங்குத்தாய்ச் சுழலும் சிறு காற்றாடி. மொத்தத் திறன் 3.1 கிலோவாட். நொடிக்கு 2 மீட்டர் என்னும் மெல்லிய காற்றிலேயே சுழலத் தொடங்கும் என்பது அதன் பெருமை. விலை 29,500 யூரோ என்று அப்போது அறிவிக்கப்பட்டது.

மிக அழகிய எண்ணம். கவிதைக்கு மிக அருகில் நிற்பது. ஆயினும் காற்றின் கணக்கு இரக்கமற்றது. காற்றின் விரைவு இரட்டித்தால் அதிலுள்ள ஆற்றல் எட்டு மடங்காகும். விரைவு பாதியானால் எட்டில் ஒன்றாகும். நொடிக்கு 10 மீட்டர் விரைந்து வரும் காற்றில், ஒரு சதுர மீட்டர் வாயில் வழியே ஏறத்தாழ 600 வாட் பாய்கிறது. நொடிக்கு 2 மீட்டர் தவழும் தென்றலில் அதே வாயிலில் பாய்வது 5 வாட்டுக்கும் குறைவு. அதிலும் நூற்றுக்கு 59 பங்குக்கு மேல் எந்த எந்திரத்தாலும் எடுக்க முடியாது என்று ஜெர்மானியர் ஆல்பர்ட் பெட்ஸ் 1920இல் நிறுவிவிட்டார். எஞ்சுவது 3 வாட்டுக்கும் குறைவு. தென்றலில் இலை சுழலும் என்பது உண்மை. சுழல்வதும் விளக்கெரிப்பதும் ஒன்றல்ல.

இதனினும் ஆழமான பிழை ஒன்று அவ்வெண்ணத்தில் ஒளிந்திருந்தது. இலை ஏன் நடுங்குகிறது? ஊர்க்குளத்து அரசமரத்தைப் பார்த்தவர்கள் அறிவர்: அசையாத நண்பகலிலும் அதன் இலைகள் சலசலக்கும். நீண்டு மெலிந்த காம்பே காரணம். சிறு மூச்சுக்கும் அது வளைந்து கொடுக்கிறது. அதாவது, இலையின் நடுக்கம் காற்றைப் பிடிக்கும் முயற்சியன்று. காற்றுக்கு வழிவிடும் முயற்சி. புயற்காற்றில் இலைகள் சுருண்டு கூம்பாகித் தம்மேல் விழும் விசையைக் குறைத்துக்கொள்வதை அமெரிக்க உயிரியலார் ஸ்டீவன் வோகல் காற்றுக்கூண்டில் வைத்துப் பார்த்து 1989இல் எழுதினார். காற்றாடியின் அறம் இதற்கு நேர்மாறு: எதிர்த்து நிற்பது, தடுப்பது, விசையை வாங்கிக்கொள்வது. எதிர்ப்பவனுக்குப் பணிபவனை உவமை சொன்னால் என்னாகும்? அசைவு ஒன்றுபோல் இருந்தது. அசைவின் நோக்கம் எதிரெதிராய் இருந்தது. பாரிசு மரத்தின் குறை அதன் பொறியிலன்று, உவமையிலேயே இருந்தது. உயரமான கம்பத்தில், தடையற்ற வெளியில், மூன்றே இறக்கையோடு நிற்கும் சாதாரணக் காற்றாலை, மரத்தைப்போல் சிறிதும் இராமல், பல்லாயிரம் மடங்கு பயன் தருகிறது. ஆனாலும் சதுக்கத்தில் நடந்து போனவர்கள், ஓசையற்ற காற்றாடி தம் தலைக்குமேல் சுழலலாம் என்று முதன்முதலாக அறிந்தது அம்மரத்தின் அடியிலேதான்.

மின்மரத்துக்கு உரிய மண் இந்தியாவில் கிடைத்தது என்று சொன்னால் அது ஊர்ப்பற்றால் வந்த மிகையன்று, காரணம் நிலநெருக்கடி. ஒரு மெகாவாட் வெயில் மின்சாரத்துக்குத் தரையில் தகடு பரப்பினால் நான்கு அல்லது ஐந்து ஏக்கர் வேண்டும். விளைநிலத்தை அதற்குக் கொடுத்தால் உழவன் எங்கே போவான்? மேற்கு வங்காளத்துத் துர்காபூரில் 1958 முதல் இயங்கிவரும் மைய இயந்திரப் பொறியியல் ஆய்வு நிறுவனம் இவ்வினாவை எடுத்துக்கொண்டது. 2016இல் 5 கிலோவாட் மின்மரம் ஒன்றை அது வெளிப்படுத்தியது. தரையில் விரித்தால் 400 சதுர அடி பிடிக்கும் தகடுகள், கம்பத்தின்மேல் கிளைகளாய் ஏறியதும், தரையில் 4 சதுர அடியில் அடங்கின. 2020 ஆகஸ்டில் அந்நிறுவனம் தன் வளாகத்திலேயே 11.5 கிலோவாட் மரத்தை நிறுத்தி, உலகில் அதுவே பெரிது என்று அறிவித்தது. 330 வாட் தகடுகள் 35. ஆண்டுக்கு 12,000 முதல் 14,000 யூனிட். விலை ஏழரை இலட்சம் ரூபாய்.

இவ்வெண்களைக் கூட்டிக் கழித்துப் பார்த்தல் தகும். ஒரு கிலோவாட் தகட்டுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 1,040 முதல் 1,210 யூனிட் கிடைக்கிறது. தெற்கு நோக்கி ஒழுங்காய்ச் சாய்த்து வைத்த தகடு இந்நாட்டு வெயிலில் தருவதைவிட இது கூடுதல் அன்று. சற்றுக் குறைவென்றே சொல்லலாம். விலையும் கூரைத் தகடுகளைவிட மிகுதி. மரவடிவம் மின்சாரத்தைப் பெருக்கவில்லை. அமெரிக்கச் சிறுவனின் கனவு இங்கும் பலிக்கவில்லை. பலித்தது வேறொன்று. மரம் நிலத்தில் கால் ஊன்றும் இடம் சிறிது. வானத்தில் கை விரிக்கும் இடம் பெரிது. புளியமரம், அடியில் சிறிதளவே நிலம் கொண்டு, மேலே ஒரு களத்தையே மூடி நிற்கும். துர்காபூர்ப் பொறியாளர்கள் இலையைப் போலச் செய்யவில்லை, அசைவைப் போலச் செய்யவில்லை. இந்தச் சிக்கனத்தைப் போலச் செய்தனர். பயன்பற்றி வந்த உவமை அது.

ஆனால் கால் சிறிதாயினும் நிழல் சிறிதன்று. அந்த 35 தகடுகளின் பரப்பு எழுபது சதுர மீட்டருக்கு அருகில் வரும். 4 சதுர அடி என்று விளம்பரம் சொல்லும்போது, அந்நிழலின் கீழ் உழவன் என்ன விதைப்பான் என்ற கேள்வி விடையின்றி நிற்கிறது. சான் டியாகோவில் நிழலில் வண்டிகள் நின்றன. வண்டிக்கு வெயில் வேண்டுவதில்லை. நெல்லுக்கு வேண்டுமே.

இதற்கு விடை, மரத்தைப் பற்றி ஒருபோதும் பேசாத இருவரிடமிருந்து வந்தது. ஜெர்மனியின் பிரைபர்க் நகரில் அடால்ப் கோட்ஸ்பெர்கர், ஆர்மின் சாஸ்ட்ரோவ் என்னும் அறிவியலார், வெயில் தகடுகளை ஏறத்தாழ இரண்டு மீட்டர் உயர்த்தி, வரிசைகளின் இடைவெளியை அகலமாக்கினால், கீழே உருளைக்கிழங்கு விளைவிக்கலாம் என்று 1981இல் எழுதினர். அப்போது தகட்டின் விலை யானைவிலை. கட்டுரை ஏட்டிலேயே கிடந்தது. பின்னர் ஜப்பானில் அகிரா நகாஷிமா என்னும் வேளாண் பொறியாளர், பணி ஓய்வுக்குப்பின் உயிரியல் படிக்கப் புகுந்து, ஒரு சிறு செய்தியில் கண் வைத்தார். செடிக்கு ஒளி வேண்டும். ஆனால் ஓரளவுக்கு மேல் வரும் ஒளியை அதனால் பயன்படுத்த இயலாது. எஞ்சிய வெயில் அதற்கு வெறும் சூடு. மக்காச்சோளம், கரும்பு போன்றவை இதற்கு விலக்கு. பெரும்பாலான பயிர்களுக்கு இவ்வரம்பு உண்டு. அவ்வாறாயின், செடி உண்டு மிஞ்சிய வெயிலை மனிதன் உண்ணலாம் அல்லவா? 2004ஆம் ஆண்டளவில் அவர் குறுகிய தகடுகளை இடம்விட்டு உயரத்தில் கட்டி, அதற்கு வெயில் பகிர்வு என்று பெயரிட்டார். 2013இல் ஜப்பானிய வேளாண் அமைச்சகம் விளைநிலங்களில் இவ்வகைத் தகடுகளுக்கு வரையறையோடு இசைவளித்தது. தேயிலையும் நெல்லும் அவற்றின்கீழ் விளைகின்றன.

காட்டில் இந்தப் பகிர்வு என்றும் உள்ளதே. மேல்மரத்து இலைகளின் இடைவெளியால் சிந்திய ஒளியில் இடைமரம் வாழ்கிறது. அதன் கீழே செடி. செடியின் கீழே பாசி. சாமிச்சான் கண்ணாடிக் காடு என்று சொன்னபோது குழாய்களின் அடர்த்தியைத்தான் நினைத்திருக்க வேண்டும். காட்டின் அடுக்கு அவர் கண்ணில் படவில்லை.

இராசத்தான் மாநிலம் சோத்பூரில் வறள்நில ஆய்வு மையத்தின் வயலில் 2017 முதல் 105 கிலோவாட் தகடுகள் கால்மேல் நிற்கின்றன. அவற்றின் இடையிலும் அடியிலும் பாசிப்பயறும் கொத்தவரையும் சோற்றுக்கற்றாழையும் பயிரிட்டுப் பார்க்கிறார்கள். அவ்வூருக்கு எப்போதோ வரும் மழை தகடுகளின் சரிவில் வழிந்து கால்வாய்களில் கூடித் தொட்டிக்குப் போகிறது. அந்நீரே தகட்டின் தூசு கழுவவும் பயிருக்குப் பாயவும் உதவுகிறது. அங்கே வளைந்த தண்டில்லை, பச்சை வண்ணம் பூசிய இலையில்லை. அந்தச் சட்டங்களை மரம் என்று எவரும் அழைப்பதுமில்லை.